எந்த டேப்பில் இருந்து எடுத்தது?

வாசகர் கேள்வி–பதில்: பழைய ஜாஸ், சோல் ஆல்பங்களின் டிஜிட்டல் மறுவெளியீடுகள்

இந்த மாதம் பாலக்காட்டு எல்லையிலிருந்து களியக்காவிளை வரையிலும், வடக்கே சித்தூர், நகரி, ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்தும் வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

*

கேள்வி: மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ கேட்கலாம் என்று செயலியில் தேடினால் ஆறேழு பதிப்பு வருகிறது. எல்லாவற்றிலும் அதே அட்டைப்படம். எதைத் தொடுவது?
– கொழிஞ்சாம்பாறை வாசகர்

பதில்: அட்டையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆல்பம் பக்கத்தின் கடைசியில் பொடி எழுத்தில் ஓர் உரிமை வரி இருக்கும். வட்டத்துக்குள் ‘சி’ போட்டிருந்தால் அது அட்டை, படம், எழுத்து ஆகியவற்றுக்கான உரிமை. வட்டத்துக்குள் ‘பி’ போட்டிருப்பதுதான் ஒலிப்பதிவுக்கானது. நமக்கு வேண்டியது அந்தப் ‘பி’. பழைய ஆண்டோடு பின்னால் வந்த இன்னோர் ஆண்டும் அதில் இருந்தால், அப்போது டேப்பை மறுபடி எடுத்து வேலை பார்த்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்ட ஆல்பத்தில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில், நியூயார்க் 30ஆம் தெருவில் இருந்த கொலம்பியா ஸ்டுடியோவில் பதிவானது அது. மார்ச் 2 அன்று பிரதான டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடிவிட்டது. மெதுவாக ஓடும்போது பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு வேகமாகும், சுருதியும் ஏறும். அன்று பதிவான ‘சோ வாட்’, ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’, ‘ப்ளூ இன் கிரீன்’ மூன்றும்தான் எல்பி இசைத்தட்டின் முதல் பக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகமே அந்தப் பக்கத்தை ஏறிய சுருதியில்தான் கேட்டது. துணைக்கு ஓடிய இன்னோர் இயந்திரம் சரியான வேகத்தில் ஓடியிருந்தது. அந்த டேப்பிலிருந்து 1992இல் தங்கப் பூச்சு சிடி ஒன்றைத் திருத்தி வெளியிட்டார்கள். 1997 மறுவெளியீட்டில் சாதாரணச் சிடிக்கும் அந்தத் திருத்தம் வந்தது.

வீட்டிலேயே சோதிக்கலாம். சுருதிப்பெட்டிச் செயலியை 2 கட்டையில் வையுங்கள். ‘சோ வாட்’ முழுக்க அந்தச் சுருதியில் கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள்தான்; நடுவில் வரும் பகுதி மட்டும் அரைக்கட்டை ஏறித் திரும்பி வரும். திருத்திய பதிப்பு சுருதியோடு ஒட்டி நிற்கும். திருத்தாதது நெருடும். பாலக்காட்டுப் பக்கம் கச்சேரி கேட்டு வளர்ந்த காதுக்கு இது பத்து வினாடி வேலை. நேரத்தைப் பார்த்தும் சொல்லலாம்: இரண்டு பதிப்பிலும் ‘ஆல் ப்ளூஸ்’ ஒரே நீளமாக இருந்து, முதல் மூன்று பாட்டும் ஒன்றில் மட்டும் சில வினாடி குறைந்தால் அது பழைய வேகம்.

பழைய வேகத்தில் கேட்டுப் பழகியவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள் என்றால் அதிலும் தப்பில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நாங்கள் சொல்வது திருத்திய பதிப்பு.

*

கேள்வி: என் மாமா 80களில் கல்ஃபில் இருந்து கொண்டுவந்த கேசட் ஒரு பெட்டி இருக்கிறது. பாதிக்கு உறையே இல்லை. கறுப்பினப் பாடகர் ஒருவரின் குரல், கூடவே ஆர்கன், டிரம்பெட். எந்த ஆல்பம் என்று கண்டுபிடித்து நல்ல பதிப்பாக வாங்க வேண்டும். கேசட்டையும் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆசை.
– களியக்காவிளை வாசகர்

பதில்: முதலில் கேசட்டை ஓடவிடாதீர்கள். ஜன்னல் வழியாகச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பூசணம். அதை ஓட்டினால் பிளேயரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். வெளியே காற்றாட உட்கார்ந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, டேப்பைப் பஞ்சு நூல் விடாத காய்ந்த துணிக்கு இடையே மெதுவாகச் சுற்றி எடுங்கள். பூசணம் இல்லாவிட்டாலும், பல வருடம் கிடந்த கேசட்டை ஒருமுறை முன்னும் பின்னும் முழுக்கச் சுற்றிய பிறகே பிளே அழுத்துங்கள். ஒட்டியிருந்த சுற்றுகள் பிரியும்.

அடுத்து, டேப்புக்குப் பின்னால் சின்னத் தகட்டில் ஒட்டிய கம்பளித் துண்டு ஒன்று இருக்கும். பிரஷர் பேட் என்பார்கள். நம் பக்கத்து ஈரத்தில் அதன் பசை விட்டுப்போகும். பேட் விழுந்த கேசட் மங்கலாகக் கேட்கும், நடுநடுவே ஒலி அறுபடும். ஒருமுறை அந்த இடத்தைப் பார்த்துவிடுங்கள். திருகு போட்ட கூடு என்றால் திறந்து, வேண்டாத கேசட்டின் பேடை மாற்றிப் போடலாம். ஒட்டி மூடிய கூடு என்றால் டேப்பையே திருகுக் கூட்டுக்கு மாற்ற வேண்டும்.

பிளேயர் ஹெட்டை 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். அதற்குப் பிறகும் மங்கலாகக் கேட்டால் ஹெட்டின் சாய்வு பொருந்தவில்லை. ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த திருகு ஒன்று இருக்கும். பழைய இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, ஒலியை மோனோவில் (இரண்டு பக்கமும் ஒரே ஒலி) வைத்து, ஓடும்போதே அந்தத் திருகைத் துளித்துளியாகத் திருப்புங்கள். தாளக்கருவியின் ‘ஸ்ஸ்’ எங்கே கூர்மையாக வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். கால் சுற்றுக்கு மேல் தேவைப்படாது.

பிளேயரின் லைன்-அவுட்டில் இருந்து கம்ப்யூட்டரின் லைன்-இன்னுக்கு வயர் போட்டு, ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள்.

பாட்டைக் கண்டுபிடிக்க, ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷாஸாம் செயலி போதும். ஆனால் கேசட்டுகள் வேகம் தப்பி ஓடும், பிரதி எடுத்த டெக்கும் தப்பியிருக்கும். வேகம் அதிகம் விலகினால் ஷாஸாமுக்குப் பிடிபடாது. அப்போது பதிந்த கோப்பின் வேகத்தை ஆடாசிட்டியில் 2, 3, 4 சதவீதம் என்று கூட்டியும் குறைத்தும் காட்டுங்கள். 6 சதவீதம் என்பது ஏறக்குறைய அரைக்கட்டை. பெயர் தெரிந்ததும் துல்லியமாகத் திருத்தலாம். உதாரணமாக, மறுவெளியீட்டில் பாட்டு 340 வினாடி, உங்கள் கேசட்டில் 330 வினாடி. 330ஐ 340ஆல் வகுத்தால் 0.97. ஆக, கேசட் 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. வேகத்தை மைனஸ் 2.9 சதவீதம் மாற்றினால் சுருதி, நேரம் இரண்டும் சேரும்.

ஷாஸாம் பெரும்பாலும் ஏதாவது தொகுப்பின் பெயரைக் காட்டும். அந்தப் பாட்டு முதலில் எந்த எல்பியில் வந்தது என்பதை டிஸ்காக்ஸ் இணையதளப் பட்டியலில் பாருங்கள். கேசட்டின் நான்கைந்து பாட்டுகளின் வரிசை ஓர் எல்பியின் வரிசையோடு பொருந்தினால் ஆல்பம் அதுதான். ஒன்றிரண்டு பாட்டு குறைந்தால் குழம்ப வேண்டாம். நாடாவில் கொள்ளாத பாட்டைப் பிரதி எடுத்தவர்கள் விட்டிருப்பார்கள்.

*

கேள்வி: ஹெட்ஃபோனில் பழைய ஜாஸ் கேட்டால் டிரம்பெட் இடது காதில், டிரம்ஸ் வலது காதில் என்று பிய்த்துக்கொண்டு போகிறது. கோப்பு கெட்டுப்போயிருக்கிறதா?
– நகரி வாசகர்

பதில்: கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. 1950களின் கடைசியில் ஸ்டீரியோ புதுச் சரக்கு. பல ஸ்டுடியோக்கள் இரண்டே தடம் உள்ள டேப்பில் நேரடியாகப் பதிந்தன. சில கருவிகளை ஒரு பக்கமும் மற்றவற்றை மறுபக்கமும் வைத்தன. அறையில் இரண்டு ஸ்பீக்கரில் கேட்கும்போது இரண்டும் காற்றில் கலக்கும். ஹெட்ஃபோனில் கலக்க இடமில்லை.

மோனோவில் கேளுங்கள். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் அமைப்புகளில் ‘அணுகல்தன்மை’க்குள் மோனோ ஆடியோ இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஃபூபார்2000 என்ற பாட்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் ஒரு பக்க ஒலியை மறுபக்கத்துக்குக் கொஞ்சம் கசியவிடும் கிராஸ்ஃபீட் செருகியைப் போட்டுக்கொள்ளலாம். எங்களுக்கு அதுதான் கூடுதல் பிடித்தம். அறையில் கேட்கும் உணர்வு கொஞ்சம் திரும்பி வருகிறது.

தனியாக மோனோ பதிப்பு வாங்க வேண்டுமா என்பது கம்பெனியைப் பொறுத்தது. ப்ளூ நோட் ஆல்பங்களைப் பதிவு செய்த ரூடி வான் கெல்டர், 1958 கடைசிக்குப் பிறகு மோனோவுக்கென்று தனி டேப் ஓட்டவில்லை. இரண்டு தடத்தையும் ஒன்றாகக் கலந்ததுதான் மோனோ எல்பி. அந்த ஆல்பங்களுக்கு உங்கள் போனின் மோனோ பொத்தானே போதும். அதற்கு முந்தைய பதிவு, உதாரணமாக 1957 செப்டம்பரில் பதிவான ஜான் கோல்ட்ரேனின் ‘ப்ளூ டிரெய்ன்’, தனி மோனோ டேப்பில் இருக்கிறது. அதற்கு மோனோ பதிப்பைத் தேடிக் கேட்பதில் அர்த்தம் உண்டு. சோல் பாட்டுகளின் கதை வேறு, செங்கோட்டை வாசகருக்கான பதிலில் சொல்கிறோம்.

*

கேள்வி: ரீமாஸ்டர், ரீமிக்ஸ், ரீஇஷ்யூ மூன்றும் ஒன்றா? ‘இரைச்சல் முழுதும் நீக்கியது’ என்று போட்டால் அது நல்லதுதானே?
– குமுளி வாசகர்

பதில்: ரீஇஷ்யூ என்றால் மறுபடி வெளியிட்டது, அவ்வளவுதான். ஒலியில் கை வைத்தார்களா என்பதை அந்தச் சொல் சொல்லாது. கலந்து முடித்த டேப்பை எடுத்து ஒலியளவு, உயர் ஒலி, தாழ் ஒலி பார்த்துப் புதிதாகச் சமன் செய்வது ரீமாஸ்டர். தனித்தனித் தடங்களாக இருக்கும் டேப்பில் இருந்து மறுபடி கலப்பது ரீமிக்ஸ். அதில் ஆல்பமே வேறாகலாம். மார்வின் கே 1971இல் வெளியிட்ட ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ முதலில் டெட்ராய்ட்டில் கலக்கப்பட்டது, பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் மறுபடி கலந்து வெளியானது. 2001 பதிப்பில் இரண்டும் உள்ளன. அடுத்தடுத்துக் கேட்டால் கலவை என்பது எவ்வளவு பெரிய வேலை என்று விளங்கும்.

இரைச்சலுக்கு வருவோம். டேப்பின் ‘ஸ்ஸ்’ ஒலியும், சிம்பலின் நீண்ட கார்வையும், சாக்ஸஃபோனில் மூச்சு உரசுவதும் ஒரே உயர் ஒலிப் பகுதியில்தான் வாழ்கின்றன. ஒன்றை முழுக்கத் துடைத்தால் மற்றவையும் போகும். ‘இரைச்சல் முழுதும் நீக்கியது’ என்ற வாசகத்தை நாங்கள் எச்சரிக்கையாகத்தான் படிப்போம்.

சோதிக்க நம் ஆட்களுக்குக் கைவந்த ஓர் ஆல்பம் இருக்கிறது. ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’, 1971. கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தாவின் பெயரைத் தாங்கியது. ஆலிஸின் ஹார்ப், ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸஃபோன், செசில் மெக்பீயின் பேஸ், இவற்றுக்கு அடியில் தம்புரா ஓடிக்கொண்டே இருக்கும். தம்புராவின் உயிர் ஜீவா நூல் எழுப்பும் அந்த ரீங்காரத்தில் இருக்கிறது. மேலே மேலே அடுக்காக எழும் அந்த மெல்லிய ஒலிகளைத்தான் இரைச்சல் நீக்கும் மென்பொருள் முதலில் தின்னும். முதல் பாட்டைப் போட்டு, தம்புராவில் ஜீவா கேட்கிறதா, அல்லது வெறும் ‘ம்ம்’ என்று முனகுகிறதா பாருங்கள். முனகினால் அந்தப் பதிப்பு வேண்டாம். 128 கேபிபிஎஸ் எம்பி3யிலும் இதே குறை தெரியும்.

இன்னொரு சோதனை பாட்டு முடியும் இடம். கடைசி ஒலி தேயும்போது டேப் இரைச்சலும் கூடவே இயல்பாகத் தேய வேண்டும். கதவைச் சாத்தியது போல் திடீர் மௌனம் விழுந்தால் கத்தரித்திருக்கிறார்கள். சிம்பல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல் குளுகுளுத்தால் மென்பொருள் அளவு மீறிவிட்டது.

ஒலியளவை ஏற்றி அழுத்துவது அடுத்த குற்றம். இரண்டு பதிப்பை ஒப்பிடும்போது சத்தமாக இருப்பதுதான் நல்லதாகக் கேட்கும். காதின் இயல்பு அது. ஆகவே செயலியில் ஒலியளவைச் சமன் செய்யும் வசதியைப் போட்டுவிட்டு ஒப்பிடுங்கள். ஃபூபார்2000இல் ஒலி ஏற்ற இறக்கத்தை எண்ணாகக் காட்டும் டிஆர் மீட்டர் செருகி உண்டு. சின்னக் குழு ஜாஸுக்கு 11, 12க்கு மேல் இருந்தால் நிம்மதி. 7 என்றால் அழுத்தியிருக்கிறார்கள். எல்பியில் இருந்து ஏற்றிய கோப்புக்கு இந்த எண் கூடுதலாகக் காட்டும், அதை நம்ப வேண்டாம்.

ஆலிஸின் பிற்காலப் பஜனைகளைத் தேடுகிறவர்களுக்கு ஒரு தகவல். 1982இல் கேசட்டாக மட்டும் வந்த ‘துரியா சிங்ஸ்’ ஆல்பத்தில் சிந்தசைசரும் தந்திக் கருவிகளும் உண்டு. 2021இல் ‘கீர்த்தன்’ என்ற பெயரோடு வந்த பதிப்பில் குரலும் ஆர்கனும் மட்டும்தான். ஒன்றை வாங்கி மற்றது என்று ஏமாற வேண்டாம்.

*

கேள்வி: 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று மூன்று மடங்கு விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா? போனில் 128 ஜிபி கார்டுதான்.
– சித்தூர் வாசகர்

பதில்: எண்ணுக்காகக் கொடுக்க வேண்டாம். சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸில் 22 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி அடங்கும். மனிதக் காது 20க்கு மேல் போகாது, நாற்பது வயதுக்கு மேல் அதுவும் இல்லை. 16 பிட்டின் வீச்சு 96 டெசிபல். இரைச்சல் குறைப்பு இல்லாத அந்தக் காலத்து டேப்பில் 70 கிடைத்தாலே பெரிது. ஆகச் சிடி என்ற பாத்திரத்திலேயே அந்த டேப் தளும்பாமல் கொள்ளும். பெரிய கோப்புக்கு வேறு டேப்போ, வேறு நல்ல மாஸ்டரிங்கோ பயன்படுத்தியிருந்தால் மட்டும் பணம் கொடுங்கள்.

கணக்கு இது. 40 நிமிட ஆல்பம் சுருக்காமல் சிடி தரத்தில் 420 எம்பி, தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்பாக்கினால் 220 முதல் 270. 24/96 ஃப்ளாக் 800 எம்பி பக்கம். 24/192 என்றால் ஒன்றரை ஜிபி. உங்கள் கார்டில் சிடி தரத்தில் நானூறுக்கு மேல் ஆல்பம் வைக்கலாம்; 192இல் எண்பதுதான். உண்மையான மோனோ ஆல்பம் ஃப்ளாக்கில் ஏறக்குறையப் பாதி இடமே பிடிக்கும், இரண்டு பக்கமும் ஒன்று என்று ஃப்ளாக் கண்டுகொள்ளும். ‘மோனோ’ என்று விற்ற கோப்பு ஸ்டீரியோ அளவுக்கே கனத்தால் இரண்டு பக்கமும் ஒன்றல்ல என்று அர்த்தம்.

ஏற்கெனவே வாங்கிய பெரிய கோப்பைச் சோதிக்க ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் 22இல் கோடு போட்டு வெட்டியது போல் மேலே இருட்டாக இருந்தால், சிடிக் கோப்பை ஊதிப் பெரிதாக்கி விற்றிருக்கிறார்கள். அசல் டேப் என்றால் இரைச்சல் மேலே போகப் போகப் படிப்படியாக மங்கும். 16இல் வெட்டினால் மூலம் மலிவான எம்பி3. மிச்சப்படும் பணத்தை வயர் உள்ள நல்ல ஹெட்ஃபோனில் போடுங்கள்.

*

கேள்வி: ஓட்டிஸ் ரெடிங் ஒரு கம்பெனி பெயரில், ஐசக் ஹேய்ஸ் இன்னொரு கம்பெனி பெயரில். இரண்டு பேரும் ஸ்டாக்ஸ் கம்பெனிதானே? ஒரே இடத்தில் ஏன் கிடைப்பதில்லை?
– செங்கோட்டை வாசகர்

பதில்: 1968தான் பிரிகோடு. மெம்ஃபிஸில் பழைய சினிமாக் கொட்டகை ஒன்றில் இயங்கிய ஸ்டாக்ஸின் பதிவுகளை வெளியே கொண்டுபோய் விற்றது அட்லாண்டிக் கம்பெனி. 1965இல் போட்ட ஒப்பந்தத்தில் மூலப் பதிவுகளின் உரிமை அட்லாண்டிக்கிற்கே என்று ஒரு ஷரத்து இருந்தது. 1968இல் உறவு முறிந்தபோதுதான் அதன் கனம் ஸ்டாக்ஸுக்குப் புரிந்தது. அதுவரை அட்லாண்டிக் வழியாக வெளியான அத்தனையும் அவர்களிடமே தங்கின. 1967 டிசம்பர் 10இல் விமான விபத்தில் இறந்த ஓட்டிஸின் பாட்டுகளும் அதில் அடங்கும். இன்று அவை வார்னரின் ரைனோ வழியாக வரும். 1969இல் வந்த ஐசக் ஹேய்ஸின் ‘ஹாட் பட்டர்டு சோல்’ பிரிவுக்குப் பின்னால் பதிந்தது. ஸ்டாக்ஸ் நொடித்த பிறகு அந்தப் பங்கு ஃபேண்டசிக்கும், 2004இல் அதை வாங்கிய கான்கார்டுக்கும் போனது. ஆக, 1968க்கு முன் என்றால் ரைனோ, பின் என்றால் கான்கார்டு அல்லது அதன் கிராஃப்ட் என்று தேடுங்கள்.

இனி மோனோ. அன்றைய சோல் பாட்டு ரேடியோவுக்கும் 45 சுழற்சி சின்னத் தட்டுக்கும் செய்தது. கலப்பவர்கள் மோனோவில்தான் உயிரைக் கொடுத்தார்கள். ஸ்டீரியோ பல சமயம் பின்னால் செய்தது. மோட்டவுன் கம்பெனியின் பாட்டுகளில் இரண்டுக்கும் பாட்டின் நீளமும் சில இடங்களில் குரலும்கூட மாறும். டிரம்ஸும் பேஸும் ஒன்றாக மோதும் வேகம் மோனோவில்தான் கிடைக்கும். 1965இன் ‘ஓட்டிஸ் ப்ளூ’வுக்கு 2008இல் ரைனோ வெளியிட்ட பதிப்பில் மோனோ, ஸ்டீரியோ இரண்டும் இருக்கின்றன. அதில் தொடங்குங்கள்.

முழுப் பதிவுகள், விடுபட்ட பாட்டுகள் என்று ஏன் சில ஆல்பங்களுக்கு எதுவுமே வருவதில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். டேப் இல்லாததுதான் காரணமாக இருக்கலாம். 1978இல் நியூஜெர்சியின் லாங் பிராஞ்சில் அட்லாண்டிக்கின் கிடங்கு எரிந்து வெளியிடாத பதிவுகள் ஏராளமாகப் போயின. 2008இல் ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத் தீயிலும் மூல டேப்கள் போயின. மூலம் போனாலும் எங்காவது பிரதி கிடைப்பது உண்டு. ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ 2002 பதிப்பு, அந்நாளில் இங்கிலாந்தில் வெளியிட அனுப்பிய பிரதி டேப் அகப்பட்டதால் வந்தது.

*

கேள்வி: மூணாறில் மழைக்காலம் முழுக்க வீடு ஈரம். இருநூறு ஜாஸ் சிடி இருக்கிறது. சிலவற்றில் புள்ளி விழுகிறது. ஹார்டு டிஸ்க்கில் ஏற்றும் முறையைச் சொல்லுங்கள்.
– மூணாறு வாசகர்

பதில்: சிடியில் பெயர் அச்சிட்ட பக்கம்தான் பலவீனமானது என்பது பலருக்குத் தெரியாது. அலுமினியப் படலம் அந்தப் பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. அங்கே கீறினாலோ ஈரம் புகுந்தாலோ திருத்தவே முடியாது. மறுபக்கக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம். சிடியைப் பல்புக்கு நேரே பிடியுங்கள். ஊசித்துளையாக வெளிச்சம் தெரிந்தால் அந்தச் சிடியை இன்றைக்கே ஏற்றுங்கள். 1988–93 வாக்கில் இங்கிலாந்தில் ‘பிடிஓ’ என்று அச்சிட்டு வந்த சிடிகள் பல செம்பு நிறமாகிக் கெடுகின்றன. அட்டைக் காகிதத்தின் கந்தகம் அரக்கைத் துளைப்பதுதான் காரணம். அவற்றையும் முதல் வரிசையில் வையுங்கள்.

பூசணம் படிந்ததைக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மையத்தில் இருந்து விளிம்பு நோக்கித் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு நீளமாகப் படியும், பிளேயரால் தாண்ட முடியாது.

லேப்டாப்பில் இப்போது டிரைவ் கிடையாது. யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் வாங்குங்கள். விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி, இரண்டும் இலவசம். செக்யூர் முறையைத் தேர்ந்தெடுங்கள். அக்யூரேட்ரிப்பைப் போட்டுவிட்டால், உங்கள் நகலும் அதே சிடியை ஏற்றிய மற்றவர்களின் நகலும் பிட் பிட்டாகப் பொருந்துகிறதா என்று சொல்லிவிடும். பொருந்தியது என்று வந்தால் அதற்கு மேல் ஒரு நல்ல நகல் இல்லை. ‘டெஸ்ட் அண்டு காப்பி’ கொடுத்தால் இரண்டு முறை படித்துச் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடும். கெட்ட சிடிக்கு அது அவசியம். ஃப்ளாக்காகச் சேமியுங்கள். லாக் கோப்பையும் அதே ஃபோல்டரில் வையுங்கள். இருநூறு சிடிக்கு 60 ஜிபி ஆகலாம். ஒரே டிஸ்க்கை நம்பாமல் இரண்டில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

80களின் தொடக்கத்து ஜப்பான் சிடிகளில் ஒரு கண்ணி உண்டு. அவற்றில் சிலவற்றை உயர் ஒலியை வேண்டுமென்றே தூக்கிப் பதித்திருந்தார்கள். பிளேயர் அந்த அடையாளத்தைப் படித்துத் தாழ்த்திவிடும். கம்ப்யூட்டரில் ஏற்றினால் தாழ்த்தாமல் அப்படியே வரும். காது கூசினால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பியின் பட்டியலில் ‘ப்ரீ-எம்ஃபசிஸ்’ பத்தியைப் பாருங்கள். ‘ஆம்’ என்றிருந்தால் சாக்ஸ் என்ற மென்பொருளின் ‘டீஎம்ஃப்’ வசதியால் திருத்துங்கள். ட்ரெபிளை மட்டும் குறைத்தால் சரியாகாது, வளைவு வேறு.

சிடிகளை இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் சூட்டில் உலர்த்தி மறுபடி போடலாம்.

*

கேள்வி: ‘எட்டு முழு ஆல்பம், நான்கு சிடி’ என்று மிக மலிவாகக் கிடைக்கிறது. இது திருட்டா?
– ஊத்துக்கோட்டை வாசகர்

பதில்: பெரும்பாலும் இல்லை. ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமை முன்பு 50 ஆண்டு. பிறகு 70 ஆக்கியபோது, அதற்குள் காலம் முடிந்த 1962 வரையிலான வெளியீடுகளுக்கு உயிர் திரும்பவில்லை. அதனால்தான் இந்தப் பெட்டிகள் எல்லாம் 1962இல் நின்றுவிடும். நம் நாட்டுச் சட்டத்தில், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் இருந்து 60 ஆண்டு. 1959 பதிவுக்கு 2019 கடைசியோடு முடிந்தது. பாட்டை இயற்றியவரின் உரிமை தனி, அது அவர் இறந்த பிறகும் 60 ஆண்டு ஓடும்.

சட்டம் சரி, ஒலிதான் சந்தேகம். மூல டேப் இவர்கள் கையில் கிடையாது. எல்பியில் இருந்தோ இன்னொரு சிடியில் இருந்தோ எடுத்ததுதான். பாட்டு தொடங்கும் முன் மெல்லிய ‘டிக் டிக்’ கேட்டால் எல்பி. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ உள்ளே இருந்தால் 2 கட்டைச் சோதனையைப் போடுங்கள். ஒரு கலைஞரைப் பழக்கப்படுத்திக்கொள்ள இந்தப் பெட்டி உதவும். மனத்துக்குப் பிடித்த ஆல்பத்தை உரிய கம்பெனியின் பதிப்பாக வாங்கிவிடுங்கள். யார் வாசித்தார்கள், எந்த டேப் என்று எழுதிய குறிப்பேடும் அதில்தான் கிடைக்கும்.

*

கேள்வி: காரில் பென்டிரைவில் போட்டால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு நொடி வெட்டு விழுகிறது. கைதட்டல் நடுவில் அறுபடுவது பொறுக்கவில்லை.
– குப்பம் வாசகர்

பதில்: எம்பி3 ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் மௌனத்தைச் சேர்த்துவிடும். ஃப்ளாக் சேர்க்காது, ஆனால் பல கார் பிளேயர்கள் அடுத்த கோப்பைத் திறக்கவே ஒரு நொடி எடுக்கும். இரண்டுக்கும் சேர்த்து வழி, முழு ஆல்பத்தையோ எல்பியின் ஒரு பக்கத்தையோ ஒரே கோப்பாக்குவது. எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் ஏற்றும்போதே ‘காப்பி இமேஜ்’ கொடுக்கலாம். ஏற்கெனவே ஏற்றியிருந்தால் ஆடாசிட்டியில் பாட்டுகளை ஒன்றன் வாலில் ஒன்றாக இடைவெளி விடாமல் ஒட்டி ஏற்றுமதி செய்யலாம். பிளேயரில் ‘கிராஸ்ஃபேடு’ இருந்தால் அணைத்துவிடுங்கள், அது ஒன்றின் முடிவை இன்னொன்றின் மேல் ஏற்றிவிடும். சரியாக வந்ததா என்று பார்க்க ‘எ லவ் சுப்ரீம்’ இரண்டாம் பக்கத்தைப் போடுங்கள். ‘பர்சூயன்ஸ்’ முடிந்து ‘சாம்’ தொடங்கும் இடத்தில் இசை நிற்பதே இல்லை. அங்கே ஒலி அறுபடாமல் கடந்தால் உங்கள் கோப்பு சரி.